இராஜினாமாக் கடிதமும் சிவப்புக் கோடும்

ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளை யாரும் தேடமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பிழை. கிழமைக்கு ஒரு அழைப்பாவது வருகிறது. "மிஸ், ஒரு சின்ன விசயம் கேக்கணும்" என்று தொடங்கினால் அது வெளிநாட்டு விசயம்தான் என்று எனக்கு உடனே விளங்கிவிடும். முன்பு கட்டார், குவைத் என்றார்கள். இப்போது ஜப்பான், ருமேனியா, இஸ்ரேல் என்கிறார்கள். நாடுகள்தான் மாறியிருக்கின்றன, கேள்வி மாறவில்லை: வேலையை எப்போது விடுவது?

போன கிழமை அழைத்தவள் துவாரகா. நான் கடைசியாக இருந்த கிளையில் என் மேசைக்கு எதிர் மேசையில் இருந்த பிள்ளை. வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு ஜப்பான் போகப் போகிறாள்.

"லெட்டர இப்பவே குடுக்கட்டா மிஸ், இல்லாட்டி விசா வந்தாப் பிறகா?"

"சம்பளமில்லா லீவில போகலாமே புள்ள. இப்பதான் அதுக்குச் சுற்றறிக்கை இரிக்கே."

"என்னை இன்னும் நிரந்தரமாக்கல்ல மிஸ். எனக்கு அது கிடைக்காதாம். ஆனா எல்லாருக்கும் சொல்லியாச்சி. அம்மா மாமாங்கக் கோயில்ல நேர்த்தியும் வெச்சிட்டா. இனி ஒபிஸ்ல இரிக்கவே ஒரு மாதிரிக் கிடக்கு."

அந்தக் கடைசி வசனத்தில்தான் எனக்குத் திக்கென்றது. இதே வசனத்தை வேறொரு வாயிலிருந்து முன்பொரு தடவை கேட்டிருக்கிறேன். அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. அதனால் ஒரு மனிதர் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். காரியாலயத்தின் பெயர் வேண்டாம். மட்டக்களப்பில், வாவி தெரியும் ஜன்னல்கள் உள்ள ஓர் அரச காரியாலயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இலிகிதராகச் சேர்ந்தபோது எனக்குத் தட்டெழுத்துத் தெரியும், வேறொன்றும் தெரியாது. முதல் மூன்று வருடம் தபால் பதிவேடு, அடுத்த சில வருடம் லீவு, அதன் பிறகு ஊழியர்களின் சுயவிபரக் கோவைகள். ஒருவர் சேவையில் சேர்ந்த நாளிலிருந்து போகும் நாள்வரை அவரைப் பற்றிய கடிதங்கள் எல்லாம் ஒரே கோவையில், பக்க எண் போட்டு, சிவப்பு நாடாவால் கட்டப்பட்டிருக்கும். ஊழியர்களின் முகத்தை விட அவர்களது கோவையின் தடிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

எனக்கு வேலை பழக்கியவர் தருமலிங்கம் ஐயா, எங்கள் பிரதம இலிகிதர். வெள்ளைச் சேர்ட், இரண்டு பேனை, வெற்றிலை போடாத நேரத்திலும் போட்டிருப்பவர் போல மெல்ல அசையும் வாய். அவரிடம் இராஜினாமாக் கடிதம் கொண்டுவருவது ஒரு தனிச் சடங்கு. கடிதத்தை இரண்டு கையாலும் வாங்குவார். முழுவதும் வாசிப்பார். பிறகு எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, அதன் மேல் கண்ணாடிக் குண்டை வைப்பார்.

"பாஸ்போட் கொண்டுவந்தயா, மனே?"

இல்லை என்றால் கடிதத்தைத் திருப்பிக் கொடுப்பார். "திகதி சரியில்ல. பிறகு எழுதிக்கொண்டு வாங்க" என்பார். திகதி சரியாகத்தான் இருக்கும். அன்றைய திகதியேதான் இருக்கும். ஆனாலும் சரியில்லை என்பார். கடவுச்சீட்டில் விசா அடித்து, பிரயாணச் சீட்டும் கையில் இருந்தால் மட்டும்தான் அவருக்குத் திகதி சரியாக வரும். அப்போது ஒரு சொல்லும் பேசாமல் திகதி முத்திரையை எடுத்து மையில் இரண்டு தரம் தட்டி, கடிதத்தின் வலது மேல் மூலையில் நேராகக் குத்துவார். முத்திரை விழுந்துவிட்டால் கடிதம் அரசாங்கத்தின் சொத்து. அதன் பிறகு அதைக் கொடுத்தவர் நினைத்தாலும் கையை நீட்டி எடுக்க முடியாது.

எங்களோடு வேலை செய்த ஒரு தட்டெழுத்தாளப் பெண் கனடாவுக்குப் போகவென்று நான்கு தரம் கடிதம் கொண்டுவந்தாள். நான்கு தரமும் திகதி சரியில்லை. "இந்தக் கிழவனுக்கு என்னில என்ன கோவம்?" என்று அழுதாள். ஐந்தாம் தரம் விசாவோடு வந்தாள். ஐயா முத்திரையைக் குத்திவிட்டுத் தன் பேனை ஒன்றை அவளிடம் கொடுத்தார். இரண்டாம், மூன்றாம் கடிதங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அவளது விசா ஒருமுறை மறுக்கப்பட்டிருந்தது. அதை அவள் அப்போது எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை, வேலைதான் கையில் இருந்ததே.

ஐயா ஓய்வு பெற்ற சில வருடங்களில் அந்தக் கதிரை எனக்கு வந்தது. கண்ணாடிக் குண்டும், கடிதத்தைக் கவிழ்த்து வைக்கும் பழக்கமும் வந்தன. கூடவே கண்டிப்புக்காரி என்ற பெயரும். வரவுப் புத்தகத்தில் எட்டே முக்காலுக்குச் சிவப்புக் கோடு இழுப்பது என் வேலை. கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்ததாகக் கணக்கு. நான் ஒரு நிமிடமும் பொறுப்பதில்லை. படியில் ஏறிவரும் சத்தம் கேட்டாலும் கோட்டை இழுத்துவிடுவேன். இதற்காக என்னோடு நேருக்கு நேர் சண்டை பிடித்த ஒரே ஆள் இல்யாஸ்.

இல்யாஸ் எங்கள் களஞ்சியத்துக் குளிரறையையும் ஜெனரேற்றரையும் பார்த்துக்கொண்ட மெக்கானிக். ஏறாவூர்க்காரர். நல்ல கை வேலைக்காரர், ஆனால் ஏறாவூர் பஸ்ஸை நம்பி வருபவர். ஒருநாள் காலையில் வந்தவுடன் குளிரறையில் ஏதோ கோளாறு என்று நேரே அங்கே ஓடி, திருத்திவிட்டுக் கையில் கிறீஸோடு வரவுப் புத்தகத்துக்கு வந்தார். கோடு இழுத்தாகிவிட்டது. "நான் ஏழே முக்காலுக்கே வந்தயன் மிஸ், குளிரறயக் கேட்டுப் பாருங்க!" என்று கத்தினார். "குளிரறை கையெழுத்து வெக்காது" என்றேன். காரியாலயம் முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு என்னோடு கதைப்பதையும் குறைத்துக்கொண்டார்.

அவருக்குக் கட்டாரில் குளிரூட்டி திருத்தும் வேலை கிடைத்தது. மாரி தொடங்கிய நேரம். அவருடைய ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. தூரப் பயணம் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணஞ் சொல்ல வேண்டும். வெறுமனே போய்வருகிறேன் என்பதல்ல அது. தெரிந்தோ தெரியாமலோ நான் ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது. கேட்கப்பட்டவர் பொறுத்தேன் என்று சொல்ல வேண்டும். பத்து வருடம் பேசாதவர்களும் அன்றைக்குப் பேசுவார்கள். இல்யாஸ் தான் குடியிருக்கும் ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் சொல்லி, பள்ளிவாசலில் சொல்லி, கடைசியாக எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். புதுச் சேர்ட் போட்டிருந்தார். மேசை மேசையாக வந்தார். காவலாளியிடமும் சொன்னார். என்னிடம் வந்து நின்றபோது குரல் இறங்கிவிட்டது.

"மிஸ், அண்டைக்குச் சிவப்புக் கோட்டுக்காக வாய்க்கு வந்த மாதிரிக் கதைச்சிட்டன். அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழை செய்தவள் நான். வாய்க்கொழுப்பாகப் பேசிச் சனத்தைச் சிரிக்கவைத்தவளும் நான். மன்னிப்புக் கேட்டு நிற்பவர் அவர். அந்த நேரத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சி மிஸ். இனி ஒபிஸ்ல இரிக்கவே ஒரு மாதிரிக் கிடக்கு. அரசாங்கத்துக்கும் ஒரு கடமை இல்லாமச் சுத்தமாப் போகணும்."

பாஸ்போட் கொண்டுவந்தீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு நிற்கும் மனிதரிடம் விசாவைக் காட்டு என்று எப்படிக் கேட்பது? நம்பவில்லை என்று சொல்வது போலல்லவா இருக்கும். இத்தனை வருடம் கவிழ்த்து வைத்த கையால் அன்று கடிதத்தைக் கவிழ்க்காமலே முத்திரையைக் குத்தினேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அன்று பின்னேரமே குறிப்பெழுதிப் பணிப்பாளரின் மேசைக்கு அனுப்பினேன். மூன்று நாளில் இராஜினாமாவை ஏற்றுக்கொண்ட கடிதம் தயார். விதிப்படி அதை அவருடைய வீட்டு விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எனக்குத் தெரிந்து நான் மிக விரைவாக முடித்த கோவை அதுதான்.

மூன்றாம் கிழமை அந்தக் கடிதம் திரும்பி வந்தது. உறையில் தபாற்காரர் எழுதியிருந்தார்: பெறுநர் வெளிநாடு சென்றுவிட்டார். சரிதானே என்று உறையைப் பிரிக்காமலே கோவையில் சேர்த்துவிட்டு, நாடாவைக் கட்டி வைத்தேன்.

எங்களுக்கு உன்னிச்சைக் குளத்தின் கீழ் கொஞ்சம் வயல் இருக்கிறது. கணவருக்குச் சீதனமாக நான் கொண்டுவந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன். பெரும்போக வெட்டு நேரம் ஒரு சனிக்கிழமை அந்த வயல் வட்டைக்குப் போயிருந்தேன். வெட்டு மெசின் பாதி வயலில் நின்றுவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, நெல் நனைந்தால் போச்சு. "ஒரு நல்ல மெக்கானிக் இரிக்கார், இப்ப வந்திருவார்" என்றார் வயல் பார்ப்பவர். சைக்கிளில் ஒருவர் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெசினுக்குக் கீழே புகுந்தார். கால் மணித்தியாலத்தில் மெசின் உறுமியது. வெளியே வந்தவர் என்னைக் கண்டார். கண்டவுடன் மறுபடியும் மெசினுக்குக் கீழே புகுந்துவிட்டார்.

"இல்யாஸ்! வெளிய வாங்க. மெசின எடுக்கப் போறாங்க, நசிஞ்சிருவீங்க."

வந்தார். மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மிஸ், நான் இப்ப கட்டார்ல."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு அழுகையும் வந்தது. வரம்பில் இருந்து கதைத்தோம். முதலில் எடுத்த மெடிக்கலின் காலம் முடிந்துவிட்டது என்று கொழும்பில் மறுபடியும் எடுக்கச் சொன்னார்களாம். நெஞ்சுப் படத்தில் ஒரு தழும்பு தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் வந்து மாறிப்போன வருத்தத்தின் தழும்பு. ஆளுக்கு இப்போது ஒரு நோயுமில்லை. ஆனாலும் தகுதியில்லை என்று அடித்துவிட்டார்கள். விசா அத்தோடு போய்விட்டது. கொழும்பு பஸ்ஸில் திரும்பி வந்தவர் ஏறாவூருக்கு வராமல் செங்கலடியில் இறங்கி, தெரிந்த ஒருவரின் வயல் வாடிக் குடிசைக்கு வந்துவிட்டார். ஐந்து மாதம். மனைவிக்கு மட்டும் தெரியும்.

"வீட்ட போனா என்ன? ஆர் என்ன சொல்லப் போறாங்க?" என்றேன்.

"உங்களுக்கு விளங்காது மிஸ். முழு ஊருக்கும் பயணஞ் சொல்லிட்டன். என்னோட கோவமா இருந்த ஆக்கள் எல்லாம் பொறுத்தோம் எண்டு கையப் பிடிச்சி அழுதாங்க. இப்பப் போய் நிண்டா, பொய்யாப் பயணஞ் சொல்லிப் பொறுதி வாங்கினவன் எண்டெல்லுவா நினைப்பாங்க. வேலையும் இல்ல. என்ன முகத்தோட போற?"

வேலையும் இல்லை. அந்தச் சொல் என்னை அன்று முழுவதும் விடவில்லை. அவரது மானம் போனதற்கு நான் காரணமில்லை. வேலை போனதற்கு நான்தான் காரணம். ஒரு கேள்வி கேட்டிருந்தால், திகதி சரியில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவர் கொழும்பிலிருந்து நேரே வந்து குளிரறைக்குப் போயிருப்பார்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவரது கோவையை எடுத்தேன். திரும்பி வந்த உறை அப்படியே இருந்தது. பிரிக்கப்படாத உறை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இராஜினாமா அமலுக்கு வருவது அதைக் கொடுத்த நாளிலிருந்து அல்ல. ஏற்றுக்கொண்ட கடிதம் உரியவரின் கையில் சேர்ந்த பிறகுதான். அந்தக் கடிதம் இல்யாஸின் கையில் சேரவேயில்லை. அவர் கட்டாரில் இருக்கிறார் என்று மனைவி தபாற்காரருக்குச் சொன்ன பொய்தான் அதைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பொய் அவர் வேலையைப் பாதி காப்பாற்றி வைத்திருந்தது.

கோவையோடு பணிப்பாளரிடம் போனேன். என்னைவிட இளையவர், விதிகளைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். இரகசியம் காக்க எனக்குத் தெரியும், ஆனால் கோவையில் பொய் சேர்த்து எனக்குப் பழக்கமில்லை. என் பிழை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"கடிதம் சேரல்ல எண்டா அவர் இராஜினாமாவை மீளப் பெறலாம். ஆனா ஐஞ்சு மாசம் எங்க இருந்தவர்? அதை அவரே எழுதித் தரணும். வெளிநாடு போகல்ல, நாட்டிலதான் இருந்தவர் எண்டு அவருடைய பகுதிக் கிராம சேவகர் உறுதிப்படுத்தணும். அப்பதான் நான் மேல எழுதலாம்."

"அவருடைய பகுதி ஏறாவூர், மெடம்."

"அப்ப ஏறாவூர்க் கிராம சேவகர்."

கிராம சேவகருக்குத் தெரிந்தால் ஒழுங்கைக்குத் தெரியும். ஒழுங்கைக்குத் தெரிந்தால் பள்ளிவாசலுக்குத் தெரியும். வேலை வேண்டுமென்றால் இல்யாஸ் எதற்குப் பயந்து ஒளித்திருந்தாரோ அதற்கு நேரே போய் நிற்க வேண்டும். தொலைபேசியில் சொன்னேன். அவர், "வேல போனாப் போகட்டும் மிஸ். விடுங்க" என்று வைத்துவிட்டார்.

விட எனக்கு மனம் வரவில்லை. அன்று பின்னேரம் ஏறாவூருக்கு பஸ் ஏறினேன். இல்யாஸின் மனைவி பாயிஷா தேத்தண்ணியும் கஸ்தாப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் யார் வந்திருப்பது என்று பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்.

"அவர் நல்லா இரிக்கார் மிஸ். நேத்தும் கோல் எடுத்தவர். அங்க இப்ப சரியான வெக்கையாம்" என்றார் பாயிஷா.

பக்கத்து வீட்டுக்காரி போகும்வரை வெக்கையைப் பற்றியே கதைத்தோம். போன பிறகு, "நான் சனிக்கிழம உன்னிச்சையில கண்டன், பாயிஷா" என்றேன்.

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் விசயத்தைச் சொன்னேன். உறை, கிராம சேவகர், பணிப்பாளர், எல்லாம். அழுகை நின்றுவிட்டது. முகத்தைத் துடைத்தார்.

"அஞ்சி மாசமா மிஸ், நான் கட்டார்ல மழ பெய்யிதா வெயில் அடிக்கிதா எண்டு சனத்துக்குச் சொல்லிக்கொண்டு இரிக்கன். அவருக்குச் சாப்பாடு என்ன, ரூமில எத்தின பேர், எல்லாம் நானே சோடிச்சிச் சோடிச்சி! நேத்து ஒருத்தி, அவர் வரக்குள்ள பேரீச்சம்பழம் கொண்டுவரச் சொல்லுங்க எண்டா. இனி எனக்கு ஏலா. அவர்ர வெக்கத்த அவர் பார்க்கட்டும், நான் கூட்டிக்கொண்டு வாறன்."

எப்படிக் கூட்டி வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. கிராம சேவகரின் கடிதம் ஒரு கிழமைக்குள் வந்தது. இல்யாஸின் விளக்கமும் வந்தது. ஒரு பக்கம், ஒரு பொய்யுமில்லை. மேலிடம் அந்த ஐந்து மாதத்தையும் சம்பளமில்லா லீவாக எடுத்துக்கொள்ள இணங்கியது. அடுத்த திங்கட்கிழமை கடமைக்கு வரும்படி எழுதினேன். இம்முறை பாயிஷா கையெழுத்து வைத்துக் கடிதத்தை வாங்கினார்.

துவாரகாவுக்கு நான் அனுப்பிய பதில் சின்னது. உன் கடிதத்தில் திகதி சரியில்லை, விசா அடித்த பிறகு மறுபடியும் எழுது, அதுவரை யாருக்கும் பயணஞ் சொல்லாதே, சொல்லியாகிவிட்டதென்றால் வெட்கத்தைப் பொறுத்துக்கொண்டு காலையில் வந்து கையெழுத்து வை. வெட்கத்துக்கு லீவு போடலாம், வேலையை விட வேண்டியதில்லை. அவள் இரண்டு கும்பிடு படம் அனுப்பினாள். கேட்டாளோ தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை காரியாலயத்தில் எல்லோரும் எட்டரைக்கே வந்துவிட்டார்கள். இல்யாஸைப் பார்க்கத்தான். நையாண்டி பண்ணக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். எட்டு நாற்பது ஆனது. அவர் வரவில்லை. எட்டே முக்கால். நான் சிவப்புப் பேனையையும் அடிமட்டத்தையும் எடுத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேனையைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தேன்.

ஒன்பது மணிக்குப் படியில் சத்தம் கேட்டது. இல்யாஸ் அதே புதுச் சேர்ட்டில் வந்தார். காவலாளியிடம் நின்றார், பிறகு மேசை மேசையாக நின்றார். "பயணஞ் சொன்னன், போகல்ல. பொறுத்துக்கங்க" என்று ஒவ்வொருவரிடமும் அதே சொல். நையாண்டி பண்ண வந்தவர்களில் ஒருவர் எழுந்து கையைப் பிடித்தார். கடைசியாக என் மேசைக்கு வந்தார்.

"பிந்திட்டுது மிஸ். வெள்ளன எழும்பி ஒழுங்கையில எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வாறன்."

"நீங்க ஒண்டும் கேக்காதீங்க, இல்யாஸ். இண்டைக்கு நான்தான் கேக்கணும். அண்டைக்குப் பாஸ்போட்டக் கேக்காம முத்திரை குத்தினவள் நான். பொறுத்துக்கொள்ளுங்க."

அவர் வரவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனையைக் கையில் எடுத்தவர் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மிஸ், சிவப்புக் கோடு?"

"பேனையில மை இல்ல" என்றேன். "நீங்க கையெழுத்து வைங்க."